படகு வாடகை சைட் பழசாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பாய்மரப் படகுகளை வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி தன் பழைய சைட்டைப் புதுப்பிக்கச் சொல்லி உங்களிடம் வந்தால், முதல் பேச்சில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பார்க்கப் பழசாக இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள். அதைக் கேட்டதும் புது கலர், பெரிய வீடியோ, புது எழுத்துரு என்று இறங்கிவிடாதீர்கள். இப்படி யாட் சார்ட்டர், அதாவது படகு வாடகை, சைட்டுக்கு வருகிறவர் நான்கே கேள்விகளோடு வருகிறார். எந்தப் படகு, எந்த வாரம், மொத்தம் எவ்வளவு, காலியாக இருக்கிறதா. இந்த நாலுக்கும் சரியான பதில் வராத சைட்டை எவ்வளவு அழகாக்கினாலும் புக்கிங் ஏறாது. அதனால் முதலில் எங்கே வலிக்கிறது என்று பார்ப்போம், ஒப்பனை அப்புறம்.

கீழே சொல்வதெல்லாம் குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் படகு விடும் சிறு கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. ஸ்ப்ளிட், த்ரோகிர், ஷிபெனிக், பியோகிராட் பக்கம் ஏகப்பட்ட கம்பெனிகள் இந்தத் தொழிலில் இருக்கின்றன, பலருடைய சைட்டும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் போட்டது. நான் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பல மாதம் உழைத்திருக்கிறேன், ஆகவே பிழைகளின் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

எதையும் தொடும் முன் டேட்டாபேஸ், கோப்புகள், மெயில் அமைப்பு மூன்றுக்கும் தனித்தனியாக பேக்கப் எடுங்கள், அதை வேறொரு இடத்தில் திறந்து பார்த்து வேலை செய்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: காலண்டரில் சனிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தெரிகிறது, ஆனால் உங்களுக்குத் தெரியவில்லை

இந்தத் தொழிலின் அளவுகோல் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரையிலான ஒரு வாரம். காலையில் பழைய விருந்தினர் இறங்க, கழுவித் துடைத்து, பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் புதியவர்கள் ஏறுவார்கள். ஆகவே ஒரு நாள் தள்ளிக் காட்டினால் மொத்தமும் கெட்டது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: உங்கள் சைட்டில் வெள்ளி முதல் வெள்ளி வரை என்று இருக்கிறது, விமான டிக்கெட் அப்படியே போட்டுவிட்டேன். கம்பெனிக்காரர் தன் கம்ப்யூட்டரில் பார்க்கிறார், சனி என்றுதான் இருக்கிறது. நீங்களும் பார்க்கிறீர்கள், சனி. வாடிக்கையாளர் தப்பாகப் பார்த்திருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவர் தப்பாகப் பார்க்கவில்லை. சர்வரிலிருந்து 2025-06-14 என்று வெறும் தேதி வருகிறது. இப்படி நேரம் இல்லாமல் வரும் தேதியை ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளுக்குக் கொடுத்தால், அது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது, அப்புறம் பார்ப்பவரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. கோடையில் நியூயார்க் யூடிசிக்கு நான்கு மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே அது 13-ஆம் தேதி, வெள்ளி, இரவு எட்டு மணி. குரோஷியா இரண்டு மணி நேரம் முன்னால், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால், அதனால் அங்கேயும் இங்கேயும் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே நிற்கிறது. இந்தியாவில் உட்கார்ந்து இந்த வேலை பார்க்கும் நாம் எத்தனை தடவை சோதித்தாலும் இந்தப் பிழை நம் கண்ணில் படவே படாது, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சரி, எப்படிப் பிடிப்பது? குரோமின் டெவலப்பர் கருவிகளில் சென்சார்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் இடத்தை சான்பிரான்சிஸ்கோ என்று மாற்றினால் நேர மண்டலமும் சேர்ந்து மாறும். பக்கத்தை மறுபடி திறந்து முதல் வாரத்தைப் பாருங்கள். நாள் தள்ளிப்போனால் பிழை உறுதி. தீர்வு என்னவென்றால், ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் நேரம் என்று நினைக்காமல் வருடம், மாதம், நாள் என்ற மூன்று எண்களாகவே கடைசிவரை வைத்துக்கொள்வது. மணிக்கணக்கு தேவைப்படும் இடத்தில், அதாவது படகில் ஏறும் நேரம் சொல்லும் இடத்தில், குரோஷிய நேரம் என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள்.

அறிகுறி: காலி என்று காட்டுகிறது, கேட்டால் இல்லை என்கிறார்கள்

இதற்கு நேர்மாறும் உண்டு, காலியாக இருக்கும் வாரம் நிரம்பியதாகத் தெரிவது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நிரம்பாதது நிரம்பியதாகத் தெரிந்தால் இறங்கும் நாளைக் கணக்கில் எடுத்த விதத்தைப் பாருங்கள். ஜூன் 14 முதல் 21 வரை ஒருவர் எடுத்திருக்கிறார், அடுத்தவருக்கு 21 முதல் 28 வரை வேண்டும். 21-ஆம் தேதி இருவருக்கும் பொது, அதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. முழு நாள் கணக்கில் விடும் மண்டபத்துக்கு எழுதியது மாதிரியான பழைய காலண்டர் நிரலைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தால் அது 21-ஐ நிரம்பியதாக நினைத்து அடுத்த வாரத்தையே மூடிவிடும். புது புக்கிங் தொடங்கும் நாள் பழையது முடியும் நாளுக்கு முன்னால் இருந்து, முடியும் நாள் பழையது தொடங்கும் நாளுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே மோதல். ஒன்று முடியும் நாளும் மற்றது தொடங்கும் நாளும் ஒரே நாளாக இருந்தால் மோதல் இல்லை.

காலி என்று காட்டிய வாரம் பார்க்கப்போனால் விற்றுப்போயிருக்கிறது என்றால், காரணம் நிரலில் இல்லை, சைட்டுக்கென்று தனியாக ஒரு காலண்டர் இருப்பதே காரணம். இந்தப் படகுகளை கம்பெனி மட்டும் விற்பதில்லை, ஜெர்மனி, போலந்து, செக், பிரிட்டன் என்று பல நாட்டு ஏஜென்சிகளும் அதே படகை விற்கின்றன. அவர்கள் எல்லோரும் புக்கிங் மேனேஜர், நாவ்சிஸ் மாதிரியான பொது அமைப்புகளில்தான் காலியிடம் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர் அங்கே பதிந்துவிட்டு, சைட்டின் அட்மின் பக்கத்திலும் மறக்காமல் பதிய வேண்டும் என்ற நிலை இருந்தால், ஜூலை மாத நெரிசலில் கண்டிப்பாக மறப்பார். சைட்டின் தனிக் காலண்டரை எடுத்துவிடுங்கள். பொது அமைப்பின் ஏபிஐயிலிருந்து, அதாவது நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழியிலிருந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை தகவலை இழுத்து வைத்துக் காட்டுங்கள், ஆனால் வாடிக்கையாளர் புக்கிங் பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் மட்டும் நேரடியாக ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று. இந்தத் தொழிலில் காலி, விற்றது என்ற இரண்டு நிலை மட்டும் இல்லை, நடுவில் ஆப்ஷன் என்று ஒன்று உண்டு. பணம் கட்டாமல் சில நாட்களுக்குப் படகைப் பிடித்து வைப்பது அது. பழைய சைட் அதைக் காலி என்று காட்டினால் கோபம் வரும், விற்றது என்று காட்டினால் நல்ல வியாபாரம் கைநழுவும். மூன்றாவது நிறம் கொடுத்து, ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், இந்தத் தேதிவரை பொறுங்கள் என்று எழுதுங்கள்.

அறிகுறி: விலை பார்த்தவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள்

பட்டியலில் 2,800 யூரோ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனால் கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, டிரான்சிட் லாக் எனும் ஆவணக் கட்டணம், டிங்கி எனும் சின்னப் படகுக்கு மோட்டார், ஆளுக்கு இத்தனை என்று சுற்றுலா வரி. இதில் எது கட்டாயம், எது விருப்பம் என்றே பழைய பக்கங்களில் புரியாது, சிலது ஒரு பிடிஎஃப்-க்குள் இருக்கும். படகை ஓட்டும் ஸ்கிப்பர் வேண்டுமென்றால் அவருக்கு நாள் கூலி, சாப்பாடும் விருந்தினர் பொறுப்பு, தூங்க ஒரு கேபினும் வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் படகு என்று எடுத்த குடும்பத்துக்கு ஸ்கிப்பருக்கு ஒரு கேபின் போய்விடும் என்று கடைசியில் தெரிந்தால் அது எவ்வளவு பெரிய ஏமாற்றம், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கட்டாயச் செலவு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக மேலே போடுங்கள். விருப்பச் செலவுகளை டிக் பண்ணினால் தொகை அங்கேயே மாறட்டும். டெபாசிட் இதில் சேராது, அது படகுக்குச் சேதம் இல்லையென்றால் திரும்பிவரும் பணம், அதைத் தனி வரியில் சொல்லுங்கள். குரோஷியாவில் படகைத் தானே ஓட்டப்போகிறவருக்கு ஸ்கிப்பர் லைசென்சோடு விஎச்எஃப் ரேடியோ சான்றும் வேண்டும், இதையும் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் லைசென்ஸ் இல்லாதவருக்கு ஸ்கிப்பர் செலவும் உண்மையில் கட்டாயச் செலவுதான்.

பழைய பக்கங்களில் இன்னும் குரோஷியாவின் பழைய நாணயமான குனாவில் விலை கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறிவிட்டது, ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்று நிர்ணயித்தார்கள். 1,500 குனா என்று ஒரு கட்டணம் கிடந்தால் கணக்குப் போட்டு 199 யூரோ என்று மாற்றி வைத்துவிடாதீர்கள். குனாவில் இருக்கிறது என்றாலே அந்த விலையை 2022-க்குப் பிறகு யாரும் தொடவில்லை என்று அர்த்தம், ஆகவே இன்றைய கட்டணம் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: சிலருடைய விசாரிப்பு மட்டும் வந்து சேருவதில்லை

என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது இதுதான். ஃபார்ம் வேலை செய்கிறது, நீங்கள் அனுப்பும் சோதனை மெயில் வருகிறது. ஆனால் போனில் கூப்பிட்டு, மூன்று தடவை எழுதினேன், பதிலே இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களின் மெயில் முகவரியைக் கேளுங்கள். யாஹூ, ஏஓஎல் என்று வந்தால் விஷயம் புரிந்துவிட்டது. பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய பழைய ஃபார்ம்கள் அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையே போட்டு மெயில் அனுப்பும், பதில் எழுத வசதியாக இருக்கட்டும் என்று அன்றைக்கு அப்படிச் செய்தார்கள். 2014 ஏப்ரலில் முதலில் யாஹூவும் பின்னாலேயே ஏஓஎல்லும் தங்கள் டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கின: எங்கள் சர்வரிலிருந்து வராமல் எங்கள் பெயரில் வரும் மெயிலை நிராகரியுங்கள் என்று. உங்கள் ஹோஸ்டிங் சர்வர் யாஹூ பெயரில் அனுப்புவது அப்பட்டமான போலி மெயில் என்றே வாங்கும் பக்கம் நினைக்கும். ஜிமெயில் தன் முகவரிகளுக்கு அவ்வளவு கடுமையான கொள்கை வைக்காததால் ஜிமெயில்காரர்களின் விசாரிப்புகள் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும், அதனால்தான் எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஒரு தோற்றம்.

அனுப்புநர் இடத்தில் கம்பெனியின் சொந்த டொமைன் முகவரி, பதில் போகும் இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எனும் அனுப்புநரைச் சரிபார்க்கும் பதிவுகள் மூன்றும் போடுங்கள். அதோடு நிற்காமல் ஒவ்வொரு விசாரிப்பையும் மெயில் அனுப்பும் முன்பே டேட்டாபேஸில் எழுதி வையுங்கள், மெயில் தொலைந்தாலும் மனிதர் தொலையக் கூடாது.

அறிகுறி: ஊர்ப் பெயர்கள் சிதைந்து தெரிகின்றன

குரோஷிய மொழியில் தலையில் கொக்கி வைத்த எழுத்துகள் உண்டு, ஷிபெனிக் என்ற ஊரின் முதல் எழுத்தே அப்படித்தான். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, பாமினி காலத்துத் தமிழ்ப் பக்கங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. எப்படிச் சிதைகிறது என்பதை உற்றுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விசித்திர எழுத்துகள் வந்தால், தகவல் யூடிஎஃப்-8 எனும் இன்றைய பொதுக் குறியீட்டில் இருக்கிறது, படிப்பது வேறொன்றாக. கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், தகவல் விண்டோஸ்-1250 மாதிரி பழைய குறியீட்டில் இருக்கிறது, பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருக்கிறது. இந்த இரண்டிலும் தகவல் பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதத்தை மட்டும் திருத்தினால் போதும். வெறும் கேள்விக்குறி மட்டும் நின்றால், டேட்டாபேஸிலும் அப்படியே கிடந்தால், எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது, உட்கார்ந்து மறுபடி தட்டச்ச வேண்டியதுதான்.

பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அட்டவணைகளில் ஒரு பொறி இருக்கிறது. நெடுவரிசை லத்தீன்1 எனும் பழைய குறியீடு என்று சொல்லும், உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 பைட்டுகள். அதை நேரே யூடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்-8, ஆக மாற்றச் சொன்னால், அந்த பைட்டுகளை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி இன்னொருமுறை குறியேற்றம் செய்து இரட்டிப்பாகக் கெடுத்துவிடும். முதலில் பிளாப் ஆக மாற்றுங்கள், அப்போது அது வெறும் பைட்டுகளாகிவிடும், அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்குப் போங்கள். முதலில் பேக்கப்பின் ஒரு பிரதியில் இதைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

தேடல் பெட்டியில் வெளிநாட்டவர் கொக்கி இல்லாமல்தான் தட்டுவார்கள், அப்படித் தட்டினாலும் ஊர் கிடைக்க வேண்டும்.

அறிகுறி: படகின் உட்புறம் காட்டும் இடத்தில் வெற்றுப் பெட்டி, மேப் சாம்பல் நிறம்

வெற்றுப் பெட்டி, பழைய அசைபட நுட்பமான ஃபிளாஷ் இருந்த இடம். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓடாமல் தடுத்துவிட்டது. கேபின்களைச் சுற்றிப் பார்க்கும் 360 டிகிரிக் காட்சிகள் அதில்தான் இருந்திருக்கும். தூக்கி எறியும் முன் ஹோஸ்டிங் போல்டர்களில் மூலப் படங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள், இல்லாவிட்டாலும் ஃபிளாஷ் கோப்பைப் பிரித்துப் படங்களை வெளியே எடுக்கும் இலவசக் கருவிகள் உண்டு. அந்தப் படகு இன்னும் கம்பெனியிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விற்றுப்போன படகுக்காக மெனக்கெட வேண்டாம்.

மேப் மங்கலாகி டெவலப்மென்ட் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடினால், அது கூகிள் மேப்ஸ் 2018-ல் ஏபிஐ சாவியையும் பில்லிங் கணக்கையும் கட்டாயமாக்கியதன் விளைவு. சாவி வாங்கிப் போடலாம், அல்லது மேப் காட்டும் லீஃப்லெட் நிரலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எனும் திறந்த மேப்பும் வைத்துச் செய்யலாம். படகுக்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதை, ஏனென்றால் அதன் மேல் ஓப்பன்சீமேப் அடுக்கைப் போட்டால் கலங்கரை விளக்கம், மிதவைகள் எல்லாம் தெரியும், கடலோடிகளுக்கு அதில்தான் கண் போகும்.

அறிகுறி: போனில் திறந்தால் ஊர்கிறது

டிரோனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வர வேண்டும் என்பது கூகிள் வைத்திருக்கும் அளவு. வெப்பி அல்லது ஏவிஃப் வடிவம், திரை அளவுக்கு ஏற்ற பல அளவுகள், படத்துக்கு அகல உயரம் முன்பே சொல்லிவிடுவது, இவை எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் செய்யும் தப்பு, எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங், அதாவது திரைக்கு வரும்போது மட்டும் படத்தை இழுப்பது, போட்டு முதல் படத்தையும் தாமதப்படுத்திவிடுவது. முதல் படத்தை விட்டுவிடுங்கள், அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஒரு படத்தின் தரத்தை மட்டும் குறைக்காதீர்கள்: கேபின் எங்கே, கழிப்பறை எத்தனை, மேசை எந்தப் பக்கம் என்று மேலிருந்து காட்டும் தளவரைபடம். யாருக்கு எந்தக் கேபின் என்று குடும்பமே உட்கார்ந்து பேசுவது அதை வைத்துத்தான், விரலால் பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்க எஸ்விஜி ஆக வரைந்து கொடுங்கள். அப்புறம், அதே மாடலின் வேறொரு படகுப் படத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம் என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாய் மாற்றிய வருடமும் உண்மையான மெத்தையின் படமும் கண்டவர் நம்பிக்கையோடு பணம் கட்டுகிறார், நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஒருநாள் திடீரென வெள்ளைத் திரை

ஹோஸ்டிங்காரர் பிஎச்பியை மேம்படுத்தியிருப்பார். பழைய மைஎஸ்கியூஎல் செயல்கூறுகள் 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன, பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018-ஓடு நின்றுவிட்டன. பழைய பதிப்புக்குத் திரும்பச் சொல்லிக் கேட்பது சீசன் நடுவில் ஒரு வாரத்துக்கு வேண்டுமானால் சரி. அதற்கு மேல் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டாம். அதேபோல் முகவரிப் பட்டையில் பாதுகாப்பற்றது என்று வந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் போட்டு, உள்ளே பழைய எச்டிடிபி முகவரியில் இழுக்கும் படங்களையும் மாற்றிவிடுங்கள், அரை நாள் வேலை.

அறிகுறி: புது சைட் போட்டபின் கூகிளில் காணாமல் போய்விட்டது

பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட்டீர்களா? எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் அது ரீடைரக்ட் ஆகாது, கூகிள் அதைப் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். விற்றுப்போன படகின் பக்கத்தை அதே அளவுள்ள வேறு படகுக்கோ, அந்த வகைப் பட்டியலுக்கோ திருப்புங்கள். குறைந்தது ஒரு வருடம் இவை நிற்க வேண்டும், எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். சீசன் சுமாராக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. புக்கிங் சூடு பிடிப்பது ஜனவரியில், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் படகுக் கண்காட்சியும் அப்போதுதான். ஆகவே நவம்பரில் ஏற்றி, டிசம்பர் முழுக்க கூகிளின் சர்ச் கன்சோலில் 404, அதாவது பக்கம் இல்லை என்று வரும் முகவரிகளின், பட்டியலைப் பார்த்துத் திருத்துங்கள்.

அந்தப் பட்டியலில் மட்டும் நின்றுவிடாமல் எந்த முகவரியெல்லாம் கேட்கப்பட்டது என்று எழுதி வைக்கும் சர்வர் லாகையும் திறந்து பாருங்கள். கூகிளுக்குத் தெரியாத முகவரிகள் அங்கேதான் சிக்கும். என் வேலையில் அப்படிச் சிக்கியது ஒரு பிடிஎஃப். மெரினாவுக்கு வரும் வழி, கேட் எண், எந்தப் பாண்டூனில், அதாவது மிதக்கும் படகுத்துறையில், படகு கட்டியிருக்கிறது, அலுவலக போன் எண் என ஒரே பக்கம். சைட்டில் எங்கேயும் அதற்கு லிங்க் கிடையாது, புக்கிங் உறுதி மெயிலில் மட்டும் போகும். அடுத்த கோடைக்கு முன்பணம் கட்டிய அத்தனை பேர் மெயிலிலும் அந்தப் பழைய முகவரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அது உடைந்திருந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்ப்ளிட் விமான நிலைய வாசலில் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் நின்று ஒருவர் போனில் அதைத் தட்டியிருப்பார். அந்தக் கோப்பைப் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தேன். கம்பெனி அனுப்பும் மெயில் மாதிரிகளையெல்லாம் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு லிங்க்கையும் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் பழைய சர்வரை நிறுத்தச் சொன்னேன்.